ஆயுள் ஒயிலும் அடுத்த சொந்தக்காரரும்

யாரும் காணாத இடத்தில் செய்யப்படுகிற வேலைக்குப் பெறுமதி உண்டா? அதைச் செய்யாமல் விட்டால், விட்டதையும் எவரும் காணப்போவதில்லை. அப்படியானால் செய்யத்தான் வேண்டும் என்ற கடமை எங்கிருந்து வருகிறது? இது பழைய கேள்வி, மெய்யியல் வகுப்பில் கேட்கிற கேள்வி. எங்களுக்கு இந்தக் கேள்வி ஒரு பழைய வாகனத்தின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

நாங்கள் என்பது நாலு பேர். ஜேர்மனியின் சவர்லான்ட் மலைப்பகுதியில், லூடன்ஷைட் நகருக்கு அப்பாலுள்ள சிறுபட்டினம் ஒன்றில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருக்கு இத்தாலிய உணவகத்தில் வேலை, ஒருவருக்கு ஹோட்டல் குசினி, மற்றவருக்குக் கோப்பை கழுவுகிற வேலை. எங்களில் இருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி, முடிக்காமல் புறப்பட்டு வந்தவர்கள். வேலை முடிய நள்ளிரவாகிவிடும். அந்நேரத்தில் பஸ் கிடையாது. 2021 டிசம்பர் 2ஆம் திகதி ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடப் பாலத்தை மூடிவிட்டார்கள். 1968இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தைத் தாங்கிய உருக்கு நெளிந்திருந்ததாம். 2023 மே 7ஆம் திகதி அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாரவண்டிகள் எல்லாம் நகரத்துக்குள் இறங்க, நாங்கள் மலைக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய வீதிகளால் வேலைக்குப் போய்வரத் தொடங்கினோம். பனிக்காலத்தில் அந்த ஏற்றங்களில் முன்சில்லு மட்டும் இழுக்கிற கார் நின்றுவிடும். ஆகவே 2022இல் நாலு பேரும் காசு சேர்த்து, நாலு சில்லும் இழுக்கிற பழைய வாகனம் ஒன்றை வாங்கினோம்.

விற்றவர் ஒழுங்கான மனிதர். சேர்விஸ் புத்தகத்தில் ஆண்டுதோறும் முத்திரை இருந்தது. ஒப்பந்தத்தில், ஜேர்மனியில் தனியார் வாகனம் விற்கும்போது வழமையாக எழுதுகிற வசனமும் இருந்தது: 'கெகௌஃப்ற் வி கெசேன்', அதாவது 'கண்டபடி வாங்கியது'. கண்ணுக்குத் தெரிகிறதைக் கண்டோம். தெரியாததை எப்படிக் காண்பது?

சில வாரங்களில் ஒரு குணம் தெரிந்தது. தரிப்பிடத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்து மெல்லத் திருப்பும்போது, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வாகனம் உதறும். நேரே ஓடினால் ஒன்றுமில்லை. கிளிநொச்சியில் ஒருகாலத்தில் கராஜில் வேலைசெய்து, இப்போது இங்கே பீட்சாக் கடையில் நிற்கிற அண்ணை ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் ஒயிலைப்பற்றி எல்லாரும் கதைப்பினம் தம்பியவை. இதுக்குள்ள இன்னும் மூண்டு பெட்டி கிடக்கு. அதுகளை ஆரும் திறந்து பாத்ததோ?" என்று கேட்டார்.

அந்த மூன்று பெட்டிகளையும் பற்றிச் சற்று விளக்கவேண்டும்.

வாகனம் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்று வீதியில் தேய்ந்து இழுபடும். இதற்குத்தான் டிஃபரன்ஷியல். ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1828இல், நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு சில்லுக்கும் இழுவையைக் கொடுத்துக்கொண்டே, வேகத்தை அவை தமக்குள் பகிர்ந்துகொள்ள விடுகிற பற்சில்லுக் கூட்டம் அது. நாலு சில்லும் இழுக்கிற வாகனத்தில் முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றும் இருக்கும். அத்தோடு முன் அச்சும் பின் அச்சும்கூட வளைவில் ஒரே தூரம் ஓடுவதில்லை. ஆகவே நடுவிலும் ஒரு பகிர்வு வேண்டும். பல வாகனங்களில் அதற்கென்று தனிப்பெட்டி உண்டு. ஜேர்மன் மொழியில் 'ஃபெர்டைலர்கெட்றீப' என்பார்கள். நாங்கள் பங்கீட்டுப் பெட்டி என்று பெயர் வைத்துக்கொண்டோம். சங்கக்கடைப் பங்கீட்டு அட்டையோடு வளர்ந்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது. எங்கள் வாகனத்தில் அந்தப் பெட்டிக்குள் ஒயிலில் நனைந்த தட்டுகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடித்தும் வழுக்கியும் முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கின்றன. ஒயில் பழுதானால் தட்டுகள் மெல்ல வழுக்கவேண்டிய இடத்தில் பிடித்துப் பிடித்து விடும். நாலு ரயரும் ஒரே அளவில் தேயாமல் இருந்தாலும் இதே நிலைதான். எங்கள் உதறலின் காரணம் இதுவாயிருக்கலாம் என்றார் அண்ணை.

எஞ்சினுக்கு ஐந்தாறு லீற்றர் ஒயில் என்றால், இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு லீற்றர்தான். சேர்விஸ் புத்தகத்தை வரிவரியாகப் பார்த்தோம். மூன்றில் ஒன்றைப்பற்றியும் ஒரு வரி இல்லை. முத்திரை குத்தியவர்கள் ஏமாற்றவில்லை. மாற்றும்படி அட்டவணையே சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஊற்றியது வாகனத்தின் ஆயுட்காலத்துக்கும் போதும் என்பது வாகனம் செய்கிறவர்கள் பலரின் கொள்கை. ஜேர்மன் மொழியில் 'ஆயுட்கால நிரப்பு' என்ற பொருளில் அதற்கு ஒரு நீண்ட சொல் இருக்கிறது. நாங்கள் சுருக்கி ஆயுள் ஒயில் என்கிறோம்.

இதற்கு நியாயமே இல்லை என்று சொல்லமுடியாது. எஞ்சினைப்போல இங்கே எதுவும் எரிவதில்லை, கரி சேர்வதில்லை. இன்றைய செயற்கை ஒயில்கள் முந்தியவற்றைவிட நீண்டகாலம் தாங்கும். மாற்றாமல் விட்டால் செலவும் கழிவும் குறையும். ஆனால் பற்கள் உரசுகிற இடத்தில் இரும்புப் பொடி உதிர்கிறது, தட்டுகள் தேய்ந்த தூசு சேர்கிறது, சூட்டில் ஒயிலின் குணம் மெல்ல மாறுகிறது, மூச்சுக்குழாயால் ஈரமும் வரலாம். ஃபிறீட்றிக்ஸ்ஹாஃபன் நகரத்து ஸெட்.எஃப் நிறுவனம் உலகெங்கும் பல வாகனங்களுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டி செய்து கொடுக்கிறது. தன் பெட்டிகளுக்கு எட்டு ஆண்டு அல்லது எண்பதினாயிரம் முதல் ஓரிலட்சத்து இருபதினாயிரம் கிலோமீற்றர் அளவில் ஒயில் மாற்றச் சொல்வது அந்த நிறுவனமே. அது கியர்ப்பெட்டி, எங்கள் மூன்று பெட்டிகளும் வேறு. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார், அதே பெட்டியை வைத்து வாகனம் விற்கிற சிலர் ஆயுளுக்கும் போதும் என்கிறார்கள். இருவரும் ஒரே ஆயுளைப்பற்றித்தான் பேசுகிறார்களா?

இல்லை என்பதே எங்கள் எண்ணம். ஜேர்மனியில் புதிய வாகனங்களில் பெரும்பங்கு கம்பனிகளின் பெயரில் வாங்கப்படுகிறது. மூன்று நாலு வருடத்தில் அவை கைமாறிவிடும். ஆனால் நாட்டில் ஓடுகிற கார்களின் சராசரி வயது பத்து ஆண்டைத் தாண்டிவிட்டது. இங்கிருந்து கழித்து அனுப்பப்படுகிற வாகனங்கள் மேற்கு ஆபிரிக்கத் துறைமுகங்களில் இறங்கி இன்னும் பல வருடம் ஓடுகின்றன. முதற் சொந்தக்காரரிடம் அது இருக்கும் காலத்தை ஆயுள் என்று கொண்டால், ஆயுள் ஒயில் என்ற சொல் பொய்யில்லை. அதன் பிறகு வருகிறவர்களின் காலம் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு செலவை முன்னால் இருப்பவர் தவிர்க்கிறார், பின்னால் வருபவர் கட்டுகிறார். இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை.

*

முதல் தடவை நாங்கள் ஒயில் மாற்றியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. வாகனம் எங்களுடையது, உதறலும் எங்களுடையது. மணித்தியாலத்துக்கு வாடகை கட்டி, வாகனத்தைத் தூக்கிவைத்துத் தாங்களே வேலைசெய்யக்கூடிய கராஜ்கள் ஜேர்மனியில் உண்டு. ஒரு திங்கட்கிழமை, உணவகம் மூடுகிற நாளில், போனோம். ஒயில் இளகட்டும் என்று முதலில் பத்துக் கிலோமீற்றர் ஓட்டச் சொன்னார் அண்ணை. பிறகு வாகனத்தை மட்டமாகத் தூக்கினோம். கீழேயுள்ள அடைப்பானைக் கழற்றப் போனவரின் கையைத் தடுத்து, "முதல் மேல் அடைப்பானைக் கழட்டு. அது திறக்குதோ எண்டு தெரியாமல் கீழால விட்டுடாதை. மேலது இறுகிக் கிடந்தால் ஒயிலும் இல்லை, ஊத்த வழியும் இல்லை. வாகனம் இஞ்சையே கிடக்கவேண்டியதுதான்" என்றார். இந்த வேலையின் முதல் விதி இதுதான். எதைக் கொண்டு நிரப்புவது, எந்த வழியால் நிரப்புவது என்று தெரியமுன் உள்ளதை வெறுமையாக்கக்கூடாது.

வந்தது கறுப்பாக வந்தது. அடைப்பானின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை படிந்திருந்தது. பசையாக இருந்தால் பயமில்லை, அது இயல்பான தேய்வு. துண்டுதுண்டாக இருந்தால்தான் பற்கள் உடைகின்றன என்று பொருள். துடைத்து, புது வாஷர் போட்டு, மேல் துவாரத்தால் வழியத் தொடங்கும்வரை ஊற்றி மூடினோம். டிஃபரன்ஷியல்களுக்குக் கந்தகம் மணக்கிற தடித்த ஒயில், பங்கீட்டுப் பெட்டிக்கு அதற்கென்றே உரிய மெல்லிய ஒயில். மாறி ஊற்றக்கூடாது. பழையதைக் கராஜின் பீப்பாவில் விட்டோம். 1987இலிருந்து இந்த நாட்டில் இதற்கென ஒரு விதி இருக்கிறது. எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ விற்கிறவர், விற்ற அளவுக்குப் பழைய ஒயிலைக் காசு வாங்காமல் திருப்பி எடுக்கவேண்டும். சில நாட்களில் உதறலும் நின்றது.

*

உண்மையான கேள்வி வந்தது வாகனத்தை விற்க முடிவெடுத்த பிறகுதான். நாங்கள் மேலும் அறுபதினாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டோம். ஒருவர் வேறு நகரத்துக்குப் போகிறார், ஒருவருக்குக் குடும்பம் வரப்போகிறது. மூன்று பெட்டிகளின் ஒயிலும் மறுபடி மாற்றுகிற கட்டம். ஒயில், கராஜ் வாடகை, வாஷர் எல்லாமாக 120 யூரோவளவில் முடியும். வாகனத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. மாற்றினாலும் விலை ஒரு சதம் கூடாது.

"விக்கப்போற வாகனத்துக்கு ஏன் புது ஒயில்? எங்களுக்கு வித்தவர் மாத்தியே தந்தவர்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை இலேசாகத் தட்டிவிட முடியாது. நாலுபேரும் ஊருக்குக் காசு அனுப்புகிறவர்கள். அறியாத ஒருவரின் பற்சில்லுக்காக 120 யூரோ கொடுப்பது தருமமா, மடத்தனமா என்று இரண்டு இரவு கதைத்தோம்.

சட்டத்திடம் கேட்டால் விடை சுலபம். ரியூஃப் சோதனை இரண்டு வருடத்துக்கொருமுறை வருகிறது. பிரேக்கைப் பார்க்கிறது, வெளிச்சத்தைப் பார்க்கிறது, ஒயில் வெளியே கசிகிறதா என்றும் பார்க்கிறது. டிஃபரன்ஷியலைத் திறந்து உள்ளேயிருக்கிற ஒயில் எப்படி என்று பார்ப்பதில்லை. ஜேர்மன் சிவில் சட்டத்தின் 444ஆம் பிரிவு, குறையை வஞ்சகமாக மறைத்து விற்றவர் 'பொறுப்பில்லை' என்ற வசனத்துக்குப் பின்னால் ஒளியமுடியாது என்கிறது. ஆனால் மாற்றும்படி அட்டவணையே சொல்லாத ஒயில் பழசாயிருப்பதைக் குறை என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வது? சட்டம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் நாங்கள் தனியே நடக்கவேண்டும்.

இங்கேதான் முடிக்காத படிப்பு கொஞ்சம் உதவியது. கொனிக்ஸ்பேர்க் நகரத்து இமானுவேல் கான்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். அவர் விபரம் தெரியாதவரிடமும் கூடுதல் விலை வாங்குவதில்லை. சிறுபிள்ளை போனாலும் அதே விலை. நல்லவர்தான். ஆனால் ஏன் அப்படிச் செய்கிறார்? பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதற்காகவென்றால், செயல் கடமைக்குப் பொருந்தியிருக்கிறது, ஆனால் கடமையிலிருந்து பிறக்கவில்லை என்கிறார் கான்ட். எங்கள் முதல் ஒயில் மாற்றம் இந்தக் கடைக்காரரின் நேர்மை போன்றது. இலாபமும் சரியான செயலும் ஒரே திசையில் போனபோது எது எங்களை இழுத்தது என்று அறியமுடியாது. இரண்டாவது தடவையில் இலாபம் மறுபக்கம் போய்விட்டது. மிச்சமாக நிற்பது என்ன என்று அப்போதுதான் பார்க்கலாம்.

உணவகத்தில் வேலைசெய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பொரிக்கிற எண்ணெய் என்றொன்று இருக்கிறது. இந்த நாட்டில், பொரித்துப் பொரித்துச் சிதைந்த பகுதி நூற்றுக்கு 24ஐத் தாண்டினால் அந்த எண்ணெய் கெட்டதாகக் கொள்ளப்படுகிறது. அளக்கிற கருவியும் உண்டு. சோதனைக்காரர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் எண்ணெயின் நிலையை அறிந்தவர் குசினியில் நிற்கிற கடைசி ஆள்தான். மேசையில் இருப்பவருக்குத் தட்டு மட்டும் தெரியும். முதலாளிக்குக் கணக்கு மட்டும் தெரியும். இரவு பதினொரு மணிக்கு, நாளைக்கும் இதே எண்ணெயில் பொரிக்கலாமா வேண்டாமா என்று அந்த ஆள் நினைக்கிற நிமிடத்தில் எந்தச் சட்டமும் பக்கத்தில் இல்லை. விளைவைத் தாங்கப்போகிறவர் அதை அறியமாட்டார், அறிகிறவர் விளைவைத் தாங்கமாட்டார். இந்த இடைவெளிதான் எல்லா இடத்திலும் பிரச்சினை.

இந்த இடைவெளியைப்பற்றி ஆழமாக எழுதியவர் ஹான்ஸ் யோனாஸ். நாங்கள் இருக்கிற இதே மாநிலத்தில், மொன்ஷன்கிளாட்பாக் நகரில் 1903இல் பிறந்த யூதர். 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். அவருடைய தாய் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் எழுதியவர், 1979இல் பொறுப்பைப்பற்றிய தனது பெரிய நூலைத் தன்னைத் துரத்திய நாட்டின் மொழியில் எழுதினார். எனக்கு நீ செய், உனக்கு நான் செய்கிறேன் என்ற கொடுக்கல் வாங்கலால் பொறுப்பை விளக்கமுடியாது என்கிறார் யோனாஸ். பொறுப்பின் மூலவடிவமாக அவர் காட்டுவது புதிதாய்ப் பிறந்த குழந்தையை. அது ஒன்றும் திருப்பித் தராது, கேட்கவும் தெரியாது. ஆனாலும் அதன் இருப்பே எங்களிடம் ஒன்றைக் கேட்கிறது. இன்னும் பிறக்காதவர்களும் அப்படியே. யோனாஸ் பேசியது அணுவையும் பூமியையும்பற்றி, நாங்கள் பேசுவது ஒரு லீற்றர் ஒயிலைப்பற்றி. அளவு வேறு, ஆனால் அடுத்த சொந்தக்காரரும் எங்கள் முன் வந்து நிற்காத ஒருவர்தான்.

"எங்களுக்கு வித்தவர் மாத்தியே தந்தவர்?" என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அவர் எங்களுக்குச் செய்யாததை வாங்கப்போகிறவரிடம் நாங்கள் ஏன் அறவிடவேண்டும்? கடன் கொடுக்காதவரிடம் கடன் கேட்பது அது. அத்தோடு விற்றவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. புத்தகம் ஆயுளுக்கும் போதும் என்றது, அவர் நம்பினார். நாங்கள் அப்படியல்ல. கறுப்பைக் கண்ணால் கண்டவர்கள். அறிவு வந்த இடத்தில் பொறுப்பும் வந்துவிடுகிறது.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோலைச் சொட்டாக விட்டு எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கள் தகப்பன்மாரைவிட வயதான மொறிஸ் மைனர்களும் ஏ-நாற்பதுகளும் ஓடித்திரிந்தன. அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் அந்த ஆயுளைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டா. ஒவ்வொரு கையும் அடுத்த கைக்காக ஏதோ செய்து விட்டதால் வந்த ஆயுள் அது. இல்லாமை மட்டும்தான் காரணம் என்று சொல்லலாம். இருக்கட்டும். ஆயுள் என்பது தொழிற்சாலையில் ஒருமுறை ஊற்றி மூடுகிற பொருளல்ல என்பதையாவது அங்கே கண்டிருக்கிறோம்.

புலம்பெயர்ந்தவர்களாகிய நாம் எல்லாவற்றையும் இரண்டாங்கையாக வாங்கிப் பழகியவர்கள். வாகனம், கட்டில், குளிர்ச்சட்டை, வாடகை வீட்டின் சுவர்ப்பூச்சு, வேறொருவர் வேண்டாமென்று விட்ட வேலை. அதனால் நம்மைப்பற்றி நமக்குள் ஒரு படம் இருக்கிறது: நாம் எப்போதும் பின்னால் வருபவர்கள், முன்னால் இருந்தவர்கள் விட்டதை அனுபவிப்பவர்கள். படம் பொய்யல்ல. ஆனால் பாதிதான். நாமும் யாரோ ஒருவருக்கு முந்திய சொந்தக்காரர். நமக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே இருக்கிறது. அந்த வரிசையைத் திரும்பிப் பாராதவரை, நமக்கு இழைக்கப்பட்டதைப்பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கலாம். அது வசதியானது.

வறியவருக்கும் இந்தக் கடமை உண்டா என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்றுதான் சொல்வோம். பிள்ளையின் பால்மாவுக்கும் டிஃபரன்ஷியல் ஒயிலுக்கும் நடுவே ஒருவர் தெரிவுசெய்ய நேர்ந்தால் யாரும் அவரைக் குற்றம்சொல்ல முடியாது. அப்போதும் ஒன்று மிஞ்சுகிறது. 'இதை நான் மாற்றவில்லை, நீங்கள் மாற்றுங்கள்' என்று சொல்லலாம். சொல்வதற்குக் காசு தேவையில்லை. விலை கொஞ்சம் குறையக்கூடும். அந்தக் குறைவையும் தாங்கமுடியாதவர் எவர் என்பதை அவரவரே அறிவார்.

நாங்கள் மாற்றினோம். அதே கராஜ், அதே அண்ணை, முதலில் மேல் அடைப்பான். இம்முறை வந்தது முன்னையளவு கறுப்பில்லை. சேர்விஸ் புத்தகத்தின் கடைசியிலுள்ள வெறுந்தாளில் திகதியையும் கிலோமீற்றரையும் மூன்று பெட்டிகளுக்கும் ஊற்றிய ஒயிலின் வகையையும் பேனாவால் எழுதினோம். முத்திரை இல்லை. வாங்கியவர் சிரியாவிலிருந்து வந்து குடும்பத்தோடு இருக்கிறவர். தெரிந்த டொச்சில், கையாலும் காட்டி, விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது, அப்படியானால் 200 யூரோ குறைப்பீர்களா?" என்றார். 100 குறைத்தோம்.

எங்களில் கேள்வி கேட்டவர் இன்றைக்கும் தன் எண்ணத்தை மாற்றவில்லை. "120ம் போச்சு, 100ம் போச்சு" என்று கணக்குச் சொல்வார். கணக்கு பிழையில்லை. ஆனால் அன்றைக்கு மூன்று அடைப்பானையும் கடைசியாக இறுக்கி, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தவர் அவர்தான். ஏன் அப்படிப் பார்த்தீர் என்று நாங்கள் கேட்கவில்லை.